சல்லடை சொன்னால் சரி

என் கைபேசியில் எப்போதும் சார்ஜ் இருக்கும், ஐயா. அதனால்தான் விடுதியில் எல்லாரும் என்னிடம் கேட்டுப் பழகினார்கள்.

எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் வகுப்புக் குழுவில் ஒரு சின்ன விசாரணை நடக்கும். ஒருவன் கீழே உள்ள கருத்துகளைப் படித்து முடிவுக்கு வருவான். ஒருத்தி எழுத்துப்பிழை இருந்தால் பொய் என்பாள். கடைசியில் அலுத்துப்போய், "சல்லடை, நீ பாத்துச் சொல்லுடா" என்பார்கள். சல்லடை நான்தான். அந்தப் படம் முதலில் எங்கே வந்தது என்று தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். அதுதான் சிக்கல்.

"நாம பொறந்ததக் கேட்டாக்கூட இவன் பொய்னுதான் சொல்வான்" என்றான் என் அறைத்தோழன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவனிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் எதையும் தேடுவதில்லை. ஆனால் உண்மை என்று சொல்வான். என் கைபேசி சும்மா கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரரின் படம் வந்தது. துவண்ட பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறார். பிள்ளை பிடிப்பவன், பார்த்தால் விடாதீர்கள் என்று மேலே எழுதியிருந்தது.

"இதையாச்சும் ஒழுங்காப் பாரு" என்றாள் எழுத்துப்பிழைக்காரி. "எங்க தெருப் பசங்க கிளம்பி நிக்கிறாங்க. நீ சொன்னாத்தான் போவாங்களாம்."

எப்போதும் பொய் என்பவன் உண்மை என்றால் அதற்கு மதிப்பு அதிகம்.

தேட வேண்டியிருக்கவில்லை. குழந்தை அவருடைய மகள். கடையில் விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கழுத்தில் துணியோடு, பாதி வெட்டிய முடியோடு எழுந்துபோய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

பார்த்துட்டேன், உண்மைதான் என்று எழுதினேன். அதற்கு வந்த இதயக் குறிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடித்தவர்களில் நான் இல்லை. அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை; யாருக்கும் அனுப்பவுமில்லை.

அவர் இறந்த மறுநாள் அவர் மனைவியின் காணொளி வந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு, இது எங்க பிள்ளை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். குழுவில் அறைத்தோழன் கேட்டான்.

"சல்லடை, இது உண்மையாடா?"

அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை.

நடிப்பு என்று எழுதினேன். சொன்னதை மாற்றிச் சொன்னால், ஐயா, அப்புறம் வகுப்புப் பிள்ளைகள் யாரைத்தான் நம்புவார்கள்?