பாண்டவர் குழியின் மூடுகல்

எங்கள் மேட்டுக்காட்டில் கொள்ளு நன்றாக விளையும், ஐயா. மழை ஏமாற்றினாலும் கொள்ளு ஏமாற்றாது. காட்டின் மேல்கோடியில் வட்டமாகக் கல் நட்டு, நடுவே பலகைக்கல் மூடிய பழங்காலத்துப் புதைகுழிகள் கிடக்கின்றன. பாண்டவர் குழி என்போம். எங்கள் கிறிஸ்தவ வேதமும் சாமியாரும் இல்லாத காலத்துப் பிணங்கள்.

அறுபத்தேழாம் வருஷம் எங்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மூச்சு சரியில்லை. ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரை அழைக்கப் பென்னாகரம் ஓடினேன். திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. என் மனைவி இன்னாசியம்மாள் ஜன்னி கண்டு கிடந்தாள். நான் ஒரு மூடுகல்லை நெம்பி, பிள்ளையை என் துண்டில் சுற்றி, அவளுடைய ஜெபமாலையோடு உள்ளே வைத்தேன். அவள் எழுந்து நடமாடியபோது, கல்லறைத் தோட்டத்தில் ஏதோ ஒரு மண்மேட்டைக் காட்டினேன். கல்லறைத் திருநாள் தவறாமல் அங்கே மெழுகுவர்த்தி கொளுத்தினாள். எப்படி இடம் கொடுத்தார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

போன மாதம் அவள் அண்ணன் சவரிராயன் கிணறு கட்டக் கல் தேடி வந்தான். தங்கமான மனுஷன். அந்தக் குழி மட்டும் வேண்டாம் மச்சான் என்று எவ்வளவோ சொன்னேன். காரணம் கேட்டான், கல் சரியில்லை என்று மழுப்பினேன். மூடுகல்லைத் தூக்கி, என்னைக் கடப்பாரையால் தாங்கச் சொல்லிவிட்டு, பக்கக்கல்லைப் பார்க்க உள்ளே இறங்கினான். ஜெபமாலையை எடுத்தான். அவர்கள் தாய் கொடுத்தது அது, அவனுக்குத் தெரியாதா.

“மாப்ள, இது நம்ம இன்னாசி புள்ளையா?”

ஆமாம் என்றேன். உள்ளே உட்கார்ந்து அழுதான்.

“அவகிட்டச் சொல்லிப்போடலாம் மாப்ள. பெத்தவளுக்குத் தெரியாம இருக்கக் கூடாது.”

நியாயமான பேச்சுதான். ஆனால் இத்தனை வருஷமும் வெறும் மண்ணுக்கு அழுதோம் என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருப்பாளா? அதைத்தான் நினைத்தேன்.

கடப்பாரை வழுக்கி மூடுகல் அவன் மேல் விழுந்துவிட்டது என்று ஊரில் சொன்னேன். நம்பினார்கள். ஆனால் செத்துக் கிடந்த அண்ணன் விரலில் சுற்றியிருந்த ஜெபமாலையை அவள் பார்த்துவிட்டாள். பிள்ளை கிடந்த இடத்தை அவளிடம் சொல்லவேண்டியதாயிற்று. அவள் கத்தவில்லை.

“நீங்க ஓடுனப்பவே நான் தலையில தண்ணி ஊத்தி அந்தோணின்னு பேரு வெச்சுட்டேனுங்க. ஆபத்துக்கு யாரு ஊத்துனாலும் செல்லும்னு உபதேசியார் சொல்லிக் குடுத்தாரே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே.”

கேட்டிருக்கலாம்.

கடப்பாரை வழுக்கவில்லை, ஐயா. நான்தான் விட்டேன். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் விட்டேன். இதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டாள்.