பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம்

குளியலறையைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் செய்யும் முதல் தவறு, நேராக டைல்ஸ் கடைக்குப் போய் நிற்பது. அங்கே வெளிச்சம் அப்படி. எதைப் பார்த்தாலும் நம் வீட்டில் இருக்க வேண்டியது போலவே தோன்றும். முதலில் ஒரு தாளை எடுத்து, கையில் எவ்வளவு இருக்கிறது என்று எழுத வேண்டும். ஆசையெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் அப்படித்தான் செய்தேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நேற்றிலிருந்து எல்லோரும் என்னை ஏதோ முன்பின் யோசிக்காதவன் போலப் பார்க்கிறார்கள்.

கையில் இருந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். நான் ஓர் அச்சகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். மையோ காகிதமோ, எந்திரம் துடைக்கிற துணியோ, மூன்று இடத்தில் விலை கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டுக்கும் அதே முறைதான். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். அவர்களில் குறைவாகக் கேட்டவரே மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கேட்டார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குளியலறையின் நிலைமை அது. குழாயைத் திறந்தால் சுவருக்குள் யாரோ இருமுவது போலச் சத்தம் வரும். தரை ஓடுகளில் பாதி காலடியில் ஆடும். நான் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன். வெந்நீர்க் கருவி போனது. கண்ணாடி போனது. கடைசியில் கதவையும் அடித்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கதவு இல்லாம எப்படிங்க குளிக்கிறது?"

"திரை போட்டுக்கலாம்."

அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதும் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது.

நான்காவதாக ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் குளியலறைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் யாரு சார்?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் டீச்சர். நாற்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டை வாங்கித் தனியாகக் குடிவந்தார். ஒரே மகள் வெளிநாட்டில். இந்த வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை. டீச்சர் போன வருடம்தான் தன் குளியலறையைப் புதிதாகக் கட்டியிருந்தார். கொத்தனார் வந்த சமயம் அவர் ஊரில் இல்லை. இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை, பிறகு நடைபயிற்சி என்று மூன்று மாதம் ஒரு மருத்துவ விடுதியில் இருந்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தார். ஒரு நாள்கூடத் தவறாமல் ஊற்றினேன்.

மாதிரிக்குக் காட்டலாமே என்று கொத்தனாரை அங்கே அழைத்துப் போனேன். நீல ஓடு, அதில் இடையிடையே வெள்ளை மீன். நல்ல கனமான குழாய்கள். கொத்தனார் தண்ணீரைத் திறந்து மூடினார். அது சத்தமே போடவில்லை.

"நடுவுல இருக்கிற சுவர எடுத்துட்டா உங்களுக்கு வேலையே மிச்சம் சார்," என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "சுவரை எடுக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன்.

நீங்கள் அந்தக் கொத்தனாரைத் தேடுவதாகக் கேள்விப்பட்டேன், இன்ஸ்பெக்டர். அவர் மேல் தவறில்லை. "டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அவர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப அவங்க எங்க குளிப்பாங்க?" என்றார். "இங்கதான்," என்றேன். அந்த இரண்டாவது பதிலில் பொய் எதுவும் இல்லை.

சுவரை எடுத்தது, டீச்சர் வீட்டுப் பக்கத்துக் கதவைக் கழற்றிச் செங்கல் வைத்துப் பூசியது, வண்ணம் அடித்தது, குப்பை அள்ளியது எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம். பூசிய இடத்தில் அவருடைய புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தோம். துண்டுகளைத் துவைத்து மடித்து அவர் கட்டிலில் வைத்தேன். அவருடைய சோப்பைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"திரும்பி வந்து கேட்டா என்னங்க சொல்றது?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போய் வெந்நீரில் குளித்தாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் அப்புறம் கேட்கவில்லை.

டீச்சர் கைத்தடியோடு திரும்பி வந்தார். பயணம் முடிந்து வருகிற யாரும் முதலில் எங்கே போவார்களோ அங்கேதான் போனார். சற்று நேரத்தில், "தம்பி, கொஞ்சம் வாங்களேன்," என்று குரல் வந்தது. அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இங்க ஒரு கதவு இருந்துச்சே தம்பி. இருந்துச்சு இல்ல?"

நம்பினால் நம்புங்கள், உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். மாதத் தவணை கூட யோசித்து வைத்திருந்தேன். அந்த 'இல்ல'தான் என்னை நிறுத்தியது. கொள்முதலில் ஒரு பாடம் உண்டு: விலை சொல்கிறவருக்கே தன் விலையில் சந்தேகம் வந்துவிட்டால், நாம் அவசரப்படக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். நான் சும்மா இருந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"டீச்சர், நீங்க எப்பவும் எங்க வீட்டுலதானே குளிப்பீங்க."

இது பழைய கட்டடம், இரண்டும் முதலில் ஒரே வீடாக இருந்தது, பிரித்து விற்றபோது குளியலறை எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று விளக்கினேன். "மயக்க மருந்து நிறைய குடுத்தாங்க," என்றார். அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

உள்ளே போனவர் ஓடுகளைத் தடவிக்கொண்டு நின்றார். "இதே மீன்தான் நானும் தேர்ந்தெடுத்தேன்."

"ஆமா டீச்சர். நீங்கதானே எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் குடுத்தீங்க," என்றாள் என் மனைவி. எனக்கே அது தோன்றியிருக்காது. டீச்சருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

காலை ஆறிலிருந்து ஆறு இருபது வரை அவருக்கு ஒதுக்கினோம். மற்ற நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று சொல்லியிருந்தோம். அவர் தயங்கித் தயங்கித்தான் தட்டுவார். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. அப்படிச் செய்யச் சொன்னது நாங்கள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பத்திரத்தையும் அளவு டேப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பத்திரத்தில் மொத்தம் அறுநூற்று நாற்பது சதுர அடி. அவர் வீட்டை அளக்க விரும்பினார். குனிய முடியாததால் டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். அறை அறையாக எழுதிக் கூட்டினார். அறுநூற்று ஐந்து வந்தது.

"முப்பத்தஞ்சு குறையுது தம்பி."

"எங்கேயாவது விட்டிருப்பீங்க டீச்சர். இன்னொரு தடவை பாப்போம்."

இரண்டாவது தடவை கூடத்தில் என் முனையை ஓர் அடி தள்ளி வைத்தேன். அறுநூற்றுப் பதினெட்டு. மூன்றாவது தடவை சமையலறையில் சற்று உள்ளே வைத்தேன். ஐநூற்றுத் தொண்ணூற்றொன்று. அவர் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டலில் பிழை இல்லை. பிழை இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

"ஒரே வீடு மூணு தடவை மூணு விதமா வருமா தம்பி?"

"வீடு எப்படி மாறும் டீச்சர்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான் மாறிட்டேன்," என்றார். அதன் பிறகு அவர் எதையும் கூட்டி நான் பார்க்கவில்லை. கடையில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் வாங்கிக்கொள்வார்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் ஒரு பொறுப்பு இருக்கிறதே. அவள் அடுத்த விமானத்தில் வந்தாள். ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் மூவருமாகப் போனோம். சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று டீச்சர் சொன்னதை டாக்டர் கவனமாக எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லாத ஒரு குளியலறையைப் பத்தி எவ்வளவு நாளா பேசறாங்க?"

"குடிவந்த நாள்லேருந்தே," என்றேன்.

டாக்டர் தலையாட்டினார். பதினோராம் நாள் டீச்சரை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். படிவத்தில் சாட்சியாக ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. போட்டேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க இல்லன்னா அம்மா என்ன ஆகியிருப்பாங்க," என்று அழுதாள். அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன்.

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். டீச்சர் வீட்டுக்குக் கீழே ஒரு தையல் கடை இருக்கிறது. அங்கே துணி மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. வீட்டை விற்பதற்காக வந்திருந்த மகள் குழாய்க்காரரை அழைத்து வந்தாள். அவர் கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார்.

"மேல பாத்ரூமே இல்லங்கிறீங்க. கீழேருந்து மூணு குழாய் மேல ஏறுதேம்மா. எங்க போகுது?"

அலமாரியை நகர்த்திச் சுத்தியலால் தட்டினார். மூன்றாவது செங்கல் விழுந்தபோது அந்தப் பக்கம் என் மனைவி தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "யாருங்க அது?" என்றாள்.

மகள் அந்த ஓட்டை வழியாக நீல ஓடுகளையும் மீனையும் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னிடம் திரும்பினாள். "அம்மா சொன்னது இதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவரை என்னிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை.

நான்தான் செய்தேன். எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கேட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை. மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பது வழக்கம். இல்லத்தில் நல்ல அறை, அறைக்குள்ளேயே குளியலறை. அவர் மட்டும் அதற்குள் போக மாட்டேன் என்கிறாராம். தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குத் தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறாராம். தாதி என்னிடம் வருத்தப்பட்டாள். அவள் போன பிறகு டீச்சர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். கட்டிலுக்கு எதிரே இருந்த வெள்ளைக் கதவைக் காட்டினார்.

"தம்பி, உங்க வார்த்தைய நான் நம்பறேன். அங்க ஒரு கதவு இருக்கா?"

நான் அந்தக் கதவைப் பார்த்தேன். பாதி திறந்திருந்தது, உள்ளே வாளியும் தெரிந்தது.

"இல்ல டீச்சர்," என்றேன். உடம்பு சரியில்லாதவர்களிடம் ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்று என்று மாற்றிப் பேசினால், பாவம், அவர்கள் குழம்பிப்போவார்கள்.