செத்தவளும் சித்தியும்

"ஹலோ... ஆமா, லாண்டரிதான்... ஆமா, ஆமா, அந்தப் பொண்ணு இங்கதான். நீங்க யாரு பேசறீங்க?"

தேய்க்கிறவளின் வலது கையில் இஸ்திரிப் பெட்டி. மேஜையில் ஓட்டல் படுக்கை விரிப்பு ஒன்று பாதி தேய்த்தபடி கிடந்தது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். அவள் தேய்த்த விரிப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அப்படி விழுந்து கால் ஒடிந்த ஈக்கள் அந்தத் தெருவில் உண்டு.

"காலேஜா... வணக்கம், சார்."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். டாக்டரே எட்டிப் பார்க்காத ஊர்களுக்கென்று டாக்டர்களைப் படிக்கவைத்து அனுப்புகிற கல்லூரி அது. மகள் மூன்று மாதம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியிருந்தாள். நான் ஏன் டாக்டராக வேண்டும் என்று கட்டுரை ஒன்றும் கேட்டிருந்தார்கள். அதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

"கேளுங்க சார், சரிபார்த்துக்கலாம்... ஆமா, அந்த ஊருதான்... ஆமா, டாக்டர் கிடையாது... அவ அம்மாவா? அவ அம்மா எப்ப என்ன, சார்?... செத்ததா?"

சுவர்க் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நெற்றி வேர்த்திருந்தது. செத்தவர்களுக்கு வேர்க்காது என்ற அளவுக்கு அவளுக்கும் வைத்தியம் தெரியும். உண்மையைச் சொன்னால் கட்டுரை பொய்யாகும். கட்டுரை பொய்யானால் சீட்டு போகும். இதை யோசித்து முடித்த நேரத்தில் ஒரு தலையணை உறை தேய்த்திருக்கலாம்.

"செத்துட்டா, சார். ஆமா, செத்துட்டா... காய்ச்சல்தான். பதினோரு மைல், கட்டில்ல தூக்கிட்டு... ஆமா, பாதி வழியிலயே போயிட்டா."

காய்ச்சல் நிஜம். பதினோரு மைலும் நிஜம். கட்டில்தான் இல்லை. காய்ச்சலோடு, இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடி நடந்தே போனாள். போய்ச் சேர்வதற்குள் அவள் உடம்புச் சூட்டில் குழந்தையின் ஈரத்துணி காய்ந்து, தேய்த்துப் போட்டதுபோல் ஆகியிருந்தது.

"நானா?... நான் சித்தி, சார்."

அம்மாவின் தங்கை என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். வாயில் வந்த முதல் உறவு அதுதான். அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் அதே சொல்தான் என்பது அப்போது நினைவில்லை. அப்படி ஒருத்தி கட்டுரையில் ஏற்கெனவே குடிவந்துவிட்டாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

"கட்டுரையில வர்ற சித்தியா?... ரெண்டாந்தாரமா... ஆமா, சார். அவதான். நான்தான்... என்ன எழுதியிருக்கா?... விடியறதுக்கு முன்ன எழுப்பி வேலை வாங்கினது... ஆமா... பரீட்சை அன்னைக்கும்... ஆமா, ஆமா... முடியப் பிடிச்சு இழுத்தது ஒரு தடவதான், சார்... சரி, தினமும்னே வெச்சுக்குங்க... புஸ்தகத்து மேலயா?"

அவள் கண் இஸ்திரிப் பெட்டியின் மேல் போய் நின்றது. அன்றைக்கு மகளின் புத்தகத்தில் தவளையை அறுத்து விரித்துக் காட்டியிருந்த பக்கம். மூன்று முறை கூப்பிட்டும் மகள் அதிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சூட்டுப் பெட்டியை அந்தப் பக்கத்தின்மேல் வைத்துப் பத்து எண்ணினாள். அப்போது அறையில் இருந்தது இரண்டே பேர். மூன்றாவது சாட்சி தவளை.

மகள் ஒரே அம்மாவை இரண்டாக வெட்டி, ஒருத்தியைச் சாகடித்து, மற்றவளை உயிரோடு விட்டுவைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வெச்சேன், சார்... வருத்தமா? அதுவும் எழுதணுமா?... போட்டா அவளுக்கு மார்க் கொறையுமா?... அப்ப வருத்தம் இல்லன்னே போட்டுக்குங்க."

சீட்டு நிச்சயமா என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டாம் தரம் கேட்டபோது முகம் மலர்ந்தது. அது முழுசாய் மலர்ந்து முடிவதற்குள் அடுத்தது வந்தது.

"சேர்க்கிற அன்னைக்கு நான்... வரக்கூடாதா... பொண்ணோட பாதுகாப்புக்கா. சரி, சார்... ஆஸ்டலுக்கும்... போனும் கூடாது... ஆறு வருஷமுமா?... புரியுது, சார். அப்படிப்பட்டவள எப்படி உள்ள விடுவீங்க... எழுதிக் குடுக்கணுமா?... கையெழுத்து வராது, சார், விரல் ரேகைதான் வெப்பேன். அனுப்புங்க, வெச்சுத் தர்றேன்."

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தவள், அவசரமாக மறுபடி வைத்துக்கொண்டாள்.

"சார், சார், வெச்சுடாதீங்க. அந்த அம்மாவப் பத்தி என்ன எழுதியிருக்கா? சும்மா, ஒரு வரி... ம்... பாட்டுப் பாடித் தூங்க வெப்பாளா... ம்... மடியில படுக்க வெச்சுக் கத... ம்... கோவமே வராதா..."

அவளுக்குப் பாட்டு வராது. கதை சொன்னதில்லை. துவைத்த துணியில் உதிர்ந்த பட்டனைத் தேடுவதுபோல், கேட்ட ஒவ்வொரு வரியிலும் தன்னுடையது ஏதாவது கிடக்கிறதா என்று தடவித் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"நல்ல பொம்பளையாத்தான் இருந்திருக்கா, சார்... இல்ல, நான் அவளப் பார்த்ததே இல்ல... ஹலோ?... ஹலோ?"