இக்னாட்ஸியின் பெயர்நாளும் இளஞ்சிவப்புக் கட்டிலும்

— கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, இக்னாட்ஸி. நேத்து சாயங்காலம் அது மேல முதல் குளிர்கோட்டைப் போட்டது யாரு?

— இன்னும் ஒரு வாய் காபி கூடக் குடிக்கல, கஷியா. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. தன் பேர் கொண்ட புனிதரோட நாள்னு பெயர்நாள் கொண்டாடினவனுக்கு மறுநாள் காலையில போலீஸ் விசாரணையா?

— உன் பெயர்நாள், உன் சிநேகிதங்க, உன் வோட்கா. ஆனா என் சிற்பம். இங்க வந்து பாரு. நடுவுல குழி. இந்த ஓரத்துல செம்பட்டையா ஒரு கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

— சத்தியமா சொல்றேன், தூரத்துலேருந்து பார்த்தா தெரியவே தெரியாது.

— எவ்வளவு தூரம்? வார்சாவிலேருந்தா?

— இதுல என்ன இருக்கு, கஷியா? க்ராகோவ்ல எவன் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கோட்டு படுக்கையறைக் கட்டில் மேலதான். நாமளும் போற இடத்துல அப்படித்தானே போடறோம்? பிப்ரவரி மாசம், ஆளுக்கு ஒரு கரடி கனத்துல கோட்டு. வேற எங்க போடுவாங்க?

— இது கட்டில் இல்ல! சிற்பம்!

— அதுக்குக் ‘கல்யாணக் கட்டில்’னு பேர் வச்சதே நீதானே. நீளம், அகலம், தலையணை, இளஞ்சிவப்பு மெத்தை, எல்லாம் கட்டிலுக்கு உண்டானதுதான். போதாததுக்கு நம்ம நிஜக் கட்டிலைத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டு அதே இடத்துல இதை வச்சிருக்கே. மடக்கு சோபாவுல படுத்துப் படுத்து என் இடுப்பு போச்சு.

— வேற எங்க வைக்கச் சொல்றே? ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டறைதான்னு கலைஞர் சங்கத்துல சொல்லிட்டாங்க. அந்த ஒண்ணுலயும் உன் ஓக் மரக்கட்டைங்க கால் நீட்டிப் படுத்திருக்கு. அதான் நான் படுக்கையறையில உக்காந்து பஞ்சு அடைக்கறேன். கலை அகாடமியில நானும் கல்லு செதுக்கினவதான், ஞாபகம் இருக்கா? உன்னை விட நல்லாவே செதுக்கினேன்.

— இருக்கு. எல்லார்கிட்டயும் சொல்றேனே.

— சொல்றே. கல்லு தூக்கி என் முதுகு போனதையும் சேர்த்துத்தான் சொல்றே. அப்புறம் ‘பாவம், இப்ப மெத்தை தைக்கறா’ன்னு முடிச்சு வைக்கறே.

— அது பாசத்துல சொல்றது.

— பாசந்தான், யாரு இல்லேன்னா? போலந்துலயே பெரிய பெண்ணுரிமைச் சிற்பி உன் பொண்டாட்டி. பஞ்சுக்காக வாரா வாரம் மருந்துக்கடை வரிசையில நிக்கறேன். போன தடவை கடைக்காரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு கண் கலங்கிட்டாங்க. ‘இப்படி உதிரம் போனா உடம்பு என்னத்துக்கு ஆகும், டாக்டரைப் பாரும்மா’ன்னு. சிற்பத்துக்குத்தான் வாங்கறேன்னு சொல்ல வெக்கமா இருந்துது. ‘கண்டிப்பா பார்க்கறேன்’னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டு கட்டு கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

— சிரிக்கலாமா?

— சிரி. நானும் தெருமுனை திரும்பினதும் சிரிச்சேன். ஆனா இன்னிக்கு சிரிப்பு வரல, இக்னாட்ஸி. நாப்பத்தஞ்சு வயசுல முதல் கண்காட்சி. இதோ இப்ப கேலரி வேன் வந்துடும். மத்ததெல்லாம் சின்னச் சின்னது, சுவரோரமா நிக்கப்போகுது. நடு ஹாலுக்கு இது ஒண்ணுதான். இது இல்லேன்னா கண்காட்சியே இல்ல. இதை இந்தக் கோலத்துல எப்படி அனுப்புவேன்?

— கொஞ்சம் தண்ணி தொட்டுத் துடைச்சா…

— துடைச்சேன். பெரிசாச்சு.

— சரி, ஒத்துக்கறேன். எங்க அகாடமித் தலைவர், ரெக்டரோட கோட்டை அது மேல வச்சது நான்தான்.

— ஆ! வந்துதா வழிக்கு?

— இரு, முழுசா கேளு. நான் பால்கனியில பனிக்குள்ள புதைச்ச வோட்கா பாட்டிலைத் தேடிட்டிருந்தேன். உள்ளே வந்தா ரெக்டர் கோட்டைக் கையில வச்சுக்கிட்டு பேய்முழி முழிக்கறார். வாங்கிட்டுப் போனேன். அங்க ஏற்கனவே மலையா குவிஞ்சு கிடந்துது. அது மேல வச்சேன். சத்தியமா, யோசிக்கவே இல்ல.

— யோசிக்கவே இல்ல! அதை அப்படியே எழுதிக் குடு, உன் கல்லறையில செதுக்கறேன். கல்லு செதுக்க இன்னும் மறக்கல.

— சரி, மலைக்கு அடியில இருந்த கோட்டு யாருது? கறை விட்டது அதுதானே? நீ பார்க்கலையா?

— நானா? நான் எங்க பார்க்கறது? இறைச்சி ஜெல்லி உறைய மாட்டேங்குது, முட்டைக்கோஸ் அடி பிடிக்குது, ஹெர்ரிங் மீனுக்கு வெங்காயம் நறுக்கல. அடுப்படிக்கும் வாசலுக்கும் பம்பரமா சுத்திட்டிருந்தேன். யாரு வந்தா, யாரு போனா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. உன் விமர்சகர் ஒருத்தர் என் கையில காலித் தட்டைக் குடுத்து, ‘உங்க கணவரோட புது வேலை அபாரம்’னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு.

— வாசல்ல மணி அடிக்குது.

— ஹல்ஷ்காவாத்தான் இருக்கும், கேலரியிலேருந்து. நீ போய்த் திற. வேனைத் திருப்பி அனுப்பச் சொல்லு. எனக்கு அவ முகத்துல முழிக்கத் தைரியம் இல்ல.

— வாங்க, ஹல்ஷ்கா. பார்த்து வாங்க, உள்ளே புயல்.

— மாடிப்படியா இது, மலையேத்தம்! கண்ணு கஷியா, எங்க இருக்கே? வேன் கீழே நிக்குது. என்ஜினை அணைச்சா மறுபடி கிளம்பாதாம், டிரைவர் அப்படியே உறும விட்டுட்டு நிக்கறான். கட்டிலைச் சுத்திக் கட்டியாச்சா?

— கட்டல. வராது. கண்காட்சி இல்ல, ஹல்ஷ்கா. வந்து நீயே பாரு. ரெண்டு வருஷம் தச்சேன். நேத்து ஒரு சாயங்காலத்துல அகாடமி மொத்தமும் சேர்ந்து இதைக் கோட்டு ஸ்டாண்டா ஆக்கிடுச்சு.

— அடடா.

— அதோ நிக்கறானே, அவனும்.

— ஒரே ஒரு கோட்டு. ரெக்டரோடது.

— ப்ரொஃபஸர், நீங்க ஒரு ஓரமா நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க. ம்ம். கண்ணு, நான் ஒண்ணு சொல்லவா? இப்படியே அனுப்பு.

— உனக்கு என்ன, பைத்தியமா?

— நீ இதுல என்ன சொல்ல வந்தே? கல்யாணம் ஆகி வந்தவளுக்கு வீட்டுல அவளுக்குன்னு இருக்கற இடம் எவ்வளவுன்னுதானே? அதைச் சொல்ல நீ கட்டு கட்டா பஞ்சை அடைச்சே. அவங்க வந்து கோட்டைப் போட்டுப் பாக்கியையும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. போன மாசம் பட்டறை… அதாவது இங்க, இந்த ரூம்ல பார்த்தப்போ ரொம்ப அழகா இருந்துது. அழகு கொஞ்சம் ஜாஸ்தியோன்னு கூட எனக்குத் தோணுச்சு. இப்ப பார்த்தா நிஜமா இருக்கு.

— நிஜமாவா? இல்ல, வேன் சும்மா திரும்பக் கூடாதுன்னு சொல்றியா?

— ரெண்டுந்தான்.

— …இருக்கலாம். இருக்கலாம், ஹல்ஷ்கா. இந்தக் குழியைப் பாரேன். நானே பண்ணியிருந்தா இவ்வளவு துணிச்சலா பண்ணியிருக்க மாட்டேன். அம்மாடி, நான் ஏன் அழுதுட்டிருந்தேன்? ஆதாரம் கையில இருக்கே! அத்தனை பெரிய மனுஷங்களும் வந்து தங்க கையாலயே விட்டுட்டுப் போன ஆதாரம்!

— கஷியா, என் பேர் எங்கயும் வராதில்ல?

— நீ போய்க் காபி போடு. மூணு பேருக்கு. ஹல்ஷ்கா, பேர்ப்பலகை அட்டை கொண்டு வந்திருக்கியா? எழுது. ‘கல்யாணக் கட்டில். துணி, பஞ்சு, பசை.’

— துணி, பஞ்சு, பசை. சரி.

— அடுத்த வரி. ‘குழியும் கறையும்: ஆண்கள் உபயம்.’

— கண்ணு, அந்தக் கடைசி வரியை எழுத முடியாது.

— ஏன்? அரசாங்கத் தணிக்கைக்காரங்க விட மாட்டாங்களா?

— அவங்களை விடு. என் கோட்டைப் பாரு. கழுத்துப் பட்டையைப் பாரு. நரித்தோல்னு சொல்லி ஊரை ஏமாத்திட்டுத் திரியறேன், வெறும் முயல்தான், சாயம் போட்டது. நேத்து பனியில நனைஞ்சுடுச்சு. இந்தச் செம்பட்டையும் அந்தச் செம்பட்டையும் ஒண்ணுதானே?

— நீயா? நேத்து முதல்ல வந்தது நீயா? போயும் போயும் நீயா ஹல்ஷ்கா இதைப் போட்டே?

— நான் போடல. கையில கரண்டியோட நீதான் வந்து கதவைத் திறந்தே. என் கோட்டைப் பிடுங்காத குறையா வாங்கினே. ‘குடு, கட்டில் மேல போட்டுடறேன்’னு சொல்லி நேரா உள்ளே போய், இதோ இந்த ஓரத்துல போட்டுட்டு அடுப்படிக்கு ஓடிட்டே. இது ஏதோ பெரிய கலைச்செயல் போலிருக்கு, வேணும்னுதான் செய்யறேன்னு நினைச்சு நான் அசந்துபோய் நின்னேன். அதுக்குள்ள பின்னாடி வந்தவங்க என் கோட்டு மேல போட ஆரம்பிச்சுட்டாங்க.

— இந்தக் கையாலயா? நானேவா?

— நான் ஒரு வார்த்தை பேசல, கஷியா. சத்தியமா. காபி கொதிக்குது, போறேன்.

— கண்ணு? டிரைவர் ஹாரன் அடிக்கறான். அட்டையில என்ன எழுத?

— ஆண்களை அடிச்சிடு. என் பேரைப் போடு. அவங்க பேரைப் போட்டா வர்ற பொம்பளைங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. என் பேரைப் பார்த்தா, வீட்டுக்குப் போய் விருந்தாளிக்குக் கதவைத் திறக்கறப்போ ஒரு நிமிஷம் தன் கையைப் பார்ப்பாங்க.