மத்தி வராத பருவத்தில் ஒரு கூவல்

— மத்தியே இல்லாத கடல்ல வலையைப் போடச் சொல்றே. வெயில் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?

— மெதுவாப் பேசுண்ணே. அந்தப் படகுல ஆள் இருக்கு.

— இருந்தா இருக்கட்டும். துறைமுக அதிகாரி ரய்யா, ஆபீஸ் செருப்போட மணல்ல நடந்து வந்து, கூடப் பொறந்த அண்ணன் கல்ஃபானைப் பொய் சொல்லச் சொல்றாளாம்னு கேட்டுட்டுப் போகட்டும்.

— செருப்பு கையில இருக்கு பாரு. கோபத்தை வலையில காட்டாதே, முடிச்சு தப்பாப் போகுது.

— முடிச்சு எனக்குத் தெரியும். காப்பி ஊத்திக்கோ, பேரீச்சம்பழம் எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு முதல்லேர்ந்து சொல்லு. நாளன்னிக்கு என்ன?

— நாளன்னிக்குக் காலையில அமெரிக்கப் போர்க்கப்பல் ஒண்ணு வருது. தண்ணி, டீசல், மூணு நாள் தங்கல். அதே காலையில சீனப் போர்க்கப்பலும் வருது. தண்ணி, டீசல், மூணு நாள்.

— பெரிய கப்பல் அணையறதுக்கு நம்மகிட்ட இருக்கிறதே ஒரு இடம்.

— அது தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் ஒரே நாளைக் கேக்குறாங்க. யாரை உள்ள கூப்பிடுறோம், யாரை வெளியே நிக்க வைக்கிறோம்னு பாக்கணுமாம்.

— மஸ்கட்ல என்ன சொல்றாங்க?

— "உள்ளூர் விஷயம், நீங்களே பாத்துக்குங்க."

— அடேங்கப்பா! மீன் விலை நாலு காசு ஏறினா ஓடி வருவானுங்க. போர்க்கப்பல் வந்தா உள்ளூர் விஷயமா?

— அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. மஸ்கட் வாயைத் திறந்தா அது நாட்டோட முடிவு. நான் திறந்தா வெறும் துறைமுகத்தோட முடிவு. ஆனா யாருக்குக் குடுத்தாலும் இன்னொருத்தனுக்கு மூஞ்சி கறுத்துப்போகும்.

— அமெரிக்காக்காரனுக்குக் குடு. புயலன்னிக்கு அவன் ஹெலிகாப்டர் வரலேன்னா நான் சுறா வயித்துல கிடந்திருப்பேன்.

— நம்ம குடிதண்ணி ஆலையைக் கட்டுறது யாரு?

— சீனாக்காரன்.

— பாதியில நிக்குது. இந்தக் காப்பிக்குத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?

— லாரியில.

— அவனை வெளியே நிறுத்தினா அடுத்த வருஷமும் லாரிதான்.

— அப்போ ரெண்டு பேருக்கும் இடமில்லன்னு சொல்லித் தொலை.

— ஏன் இல்லன்னு கேப்பாங்கள்ல? நான் எதைச் சொன்னாலும், மத்தவன் சொல்லிக் குடுத்ததா இவனுக்குத் தோணும். மனுஷன் சொல்ற காரணம் எடுபடாதுண்ணே. கடல் சொல்லணும்.

— ஓகோ. அதான் அண்ணன் ஞாபகம் வந்துச்சாக்கும்.

— கடல் வழக்கம் என்ன? நீயே சொல்லேன்.

— எனக்கே பரீட்சையா? வலைக்குத் தலைவன் மத்திக் கூட்டத்தைப் பாத்தான்னா பாறை மேல ஏறணும். தலைத்துணியை அவுத்து ஆட்டிக் கூவணும். கூவினா கரைவலை இறங்கிடும். வலை கரையேறுற வரைக்கும் குடாவுக்குள்ள ஒண்ணும் நுழையக் கூடாது. ராஜா வீட்டுப் படகா இருந்தாலும் வெளியேதான்.

— துறைமுக விதிப் புத்தகத்துல முதல் பக்கமே அதுதான். ரெண்டு தூதரகமும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கு. நாளன்னிக்கு விடியக்காலையில நீ கூவு. வலை இறங்கட்டும். வலையோட மடி பாறையில மாட்டிக்கட்டும். ரெண்டு நாள் இழுங்க. அவங்க தூரத்துல நின்னு பாத்துட்டு வேற துறைக்குப் போயிடுவாங்க. மத்திக்காக வழிவிட்டா யாருக்கும் மானம் போயிடாது.

— மத்தி இந்த வருஷம் எட்டியே பாக்கலை, கேட்டியா. பொய்க் கூவலுக்கு என்ன தண்டனைன்னு உன் புத்தகத்துல இருக்கா?

— இருக்கு. கூவினவனுக்கு அந்தப் பருவம் பூரா வலை போடுற முறை கிடையாது.

— எனக்கு மட்டுமில்ல. என் வலையை இழுக்குற இருபத்திரண்டு பேருக்கும்.

— துறைமுகத்துல சுமை வேலை இருக்கு. அவங்க இருபத்திரண்டு பேரையும் நான் பாத்துக்குறேன். உனக்குத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.

— வெள்ளிக்கிழமை என்னை, மீன்காரங்க வழக்கைத் தீர்க்குற கடல் சபைக்கே தலைவன் ஆக்கப்போறாங்க. தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா வந்தே? முப்பது வருஷம், ரய்யா. முப்பது வருஷத்துல ஒரு தடவை நான் தப்பாக் கூவினதில்ல. கண்ணு எரிய எரிய நின்னு, ரெண்டு தடவை மூணு தடவை பாத்துட்டுத்தான் துணியை அவுப்பேன். எதுக்கு? "பொய்க்கூவல் மசூத் மகன்"னு சொன்ன வாயெல்லாம் மூடணும்னு. பள்ளிக்கூடத்துல நான் எந்திரிச்சா பின்னாலேர்ந்து "மத்தி! மத்தி!"ன்னு கூவுவானுங்க. நீ அப்போ கைக்குழந்தை, உனக்கென்ன தெரியும்? அம்மா வளையலை வித்து அரிசி வாங்கினா. அப்பா அதுக்கப்புறம் அந்தப் பாறைப் பக்கமே போகலை. அந்த மனுஷன் மேல எனக்கு இன்னிக்கும் ஆறலை. இல்லாத மீனுக்கு எதுக்குய்யா கூவணும்?

— அண்ணே, இதைக் கொஞ்சம் பாரு.

— போனை நீட்டாதே. கண்ணாடி வீட்டுல இருக்கு.

— நான் வாசிக்கிறேன். துறைமுகத்துப் பழைய நாள்குறிப்பு. நேத்து விதியைத் தேடுறப்போ அகப்பட்டுது. அப்பா கூவின நாள். "காலை ஆறரை. மசூத் கூவினார். கரைவலை இறங்கியது. அனுமதி கேட்டு வெளியே நின்ற அமெரிக்கக் கப்பலும் ரஷ்யக் கப்பலும் வலை கிடப்பதை அறிந்து, வணக்கம் தெரிவித்துத் திரும்பிச் சென்றன. மடியில் மீன் இல்லை."

— திரும்ப வாசி.

— "அனுமதி கேட்டு வெளியே நின்ற அமெரிக்கக் கப்பலும் ரஷ்ய..."

— போதும். போதும்மா.

— தண்ணி குடிண்ணே.

— ஏன் சொல்லலை அந்த ஆளு? பெத்த புள்ளகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லியிருந்தா நீ பள்ளிக்கூடத்துல சும்மா இருந்திருப்பியா? எங்கப்பா பொய்யன் இல்லடான்னு கத்தியிருப்பே. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தூதரகத்துக்கும் போயிருக்கும்.

— கத்தியிருப்பேன். வல்லாஹி, அல்லா மேல ஆணையா, பாறை மேல ஏறிக் கத்தியிருப்பேன். ஆஸ்பத்திரியில கடைசியாக் கிடந்தப்போ என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அன்னிக்குக் கடல்ல ஒண்ணும் இல்லப்பா"ன்னாரு. "அதான் ஊருக்கே தெரியுமே"ன்னு சொல்லிக் கையை உருவிக்கிட்டேன்.

— அண்ணே.

— உருவிக்கிட்டேன், ரய்யா.

— உனக்குத் தெரியாதுல்ல. அப்பா புரிஞ்சிக்கிட்டிருப்பாரு. இந்தக் குறிப்பை எழுதினது யாருன்னு பாத்தியா? கீழ கையெழுத்து இருக்கு.

— யாரு?

— சைஃப் மாமா.

— அவனா? சபையில அப்பா மேல புகார் குடுத்தவனாச்சே! அம்மாவோட கூடப் பொறந்துட்டு அவ சோத்துலயே மண்ணைப் போட்டவன். அவன் அடக்கத்துக்குக்கூட நான் போகலை.

— அப்போ துறைமுகத்துல எழுத்தர் அவர்தான். பொய்யாக் கூவச் சொல்லி அப்பாகிட்டக் கேட்டதும் அவராத்தான் இருக்கணும். புகாரே வரலேன்னு வச்சுக்கோ, "பாவம், கண்ணு ஏமாத்திடுச்சு"ன்னு ஊர் விட்டுடும். தண்டனை விழலேன்னா, துறைமுகம் சொல்லிக் கூவலைன்னு கப்பல்காரன் நம்புவானா?

— மாட்டான். தண்டனை நிஜமா விழணும்.

— விழுந்துச்சு.

— அதான் மாமா சாகுற வரைக்கும் நம்ம வாசப்படி மிதிக்கலையா? பெருநாளுக்குப் பெருநாள் ஒரு தட்டு அல்வா வாசல்ல இருக்கும். யாரு வச்சதுன்னே தெரியாது. நான் தூக்கி ஆட்டுக்குப் போட்டுடுவேன். அட அல்லாவே... அந்த மனுஷனா?

— ஆட்டுக்கா போட்டே?

— அதுங்க நல்லாத்தான் தின்னுச்சுங்க. சரி, இப்போ எனக்கு வருவோம். என் மேல யாரும் புகார் குடுக்க மாட்டாங்க, கேட்டியா. முப்பது வருஷப் பேரு. "கல்ஃபானுக்குக் கண்ணு மங்கிடுச்சு, விடுங்கப்பா"ம்பாங்க.

— ஆமா.

— எனக்கு ஆகாதவன் குடுத்தா, பழைய பகைன்னு தள்ளிடுவாங்க. வீட்டு ஆளுதான் குடுக்கணும்.

— ஆமாண்ணே.

— ஏன் கண்ணைத் துடைக்கிறே?

— மணலு.

— காத்தே அடிக்கலையே புள்ள. புகாரை எப்போ எழுதினே?

— காலையில. உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி. நீ மாட்டேன்னா கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன்.

— இந்தப் பெருநாளுக்கு வீட்டுக்கு வரமாட்டே.

— இனிமே எந்தப் பெருநாளுக்கும்.

— உங்க அண்ணி உன்னைக் கிழி கிழின்னு கிழிப்பா. அவகிட்டயும் சொல்ல முடியாது. பசங்ககிட்டயும் முடியாது. நானும் கூடச் சேர்ந்து திட்டணும்.

— சந்தையில நின்னு திட்டு. நாலு பேர் காதுல விழட்டும்.

— வாசல்ல அல்வாத் தட்டு இருந்தா?

— ஆட்டுக்குப் போட்டுடாதேண்ணே.

— சேச்சே. ஒளிச்சு வச்சு நானே தின்னுடுறேன். அப்பாவோட தலைத்துணி உன்கிட்டத்தானே இருக்கு?

— கார்ல இருக்கு. எடுத்துட்டு வந்திருக்கேன்.

— களவாணி! எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, எனக்குக் காப்பி குடிச்சுக் காட்டுறியா? எடுத்துட்டு வா. நாளன்னிக்கு அதைத்தான் ஆட்டுவேன். இரு, போகாதே. புகாரைக் கடுமையா எழுதியிருக்கியா? வழவழன்னு எழுதினா சபையில கண்டுபுடிச்சுடுவாங்க.

— கடுமையாத்தான் எழுதியிருக்கேன்.

— கடைசி வரியை வாசி.

— "கல்ஃபான் வேறு யாருமல்ல, மசூத் பெற்ற மகன்தான் என்பதை ஊரறியக் காட்டிவிட்டார்."