செல்லரிக்காத கட்டை

தினமும் லாரியைப் பார்க்கிற பத்துப் பேரைக் கூப்பிட்டு, அதற்கு எத்தனை டயர் என்று கேட்டுப்பாருங்கள் அய்யா. ஐந்து பேர் நான்கு என்பார்கள். பின்பக்கம் இரட்டை டயர் என்பது மூன்று பேருக்குக் கொஞ்சம் யோசித்த பிறகு நினைவுக்கு வரும். மீதி இரண்டு பேர், இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்பார்கள். முப்பத்து நான்கு வருடமாக நான் இவர்களுக்கு நடுவில்தான் வாழ்கிறேன்.

போய் நன்றாக யோசித்துவிட்டு வா, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயம் எதுவும் இல்லை என்று நேற்று என்னைத் திருப்பி அனுப்பினீர்கள். சட்டம் அப்படிச் சொல்கிறது போலிருக்கிறது. யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவலில் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது, அதை முடித்தேன். அந்த நாவல்களில் தப்புச் செய்தவன் தூக்கம் இல்லாமல் புலம்பிக்கொண்டே இருப்பான். நான் ஒன்பதரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தேன்.

என் பெயர் கண்ணபிரான். வீடு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோவிலுக்கு அடுத்த தெரு. வேலை ராஜபாளையத்தில், ஒரு நூற்பாலையில் டிராப்ட்ஸ்மேன். இயந்திரப் பாகங்களை அளந்து படம் வரைவது. பாக்கி நேரத்தில் லாரி செய்கிறேன். இருபதில் ஒரு பங்கு அளவு. இருபது அடி லாரி என்றால் என் மேஜையில் ஒரு அடி. அதில் எதையும் தோராயமாகச் செய்வதில்லை. ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பழைய கடிகாரத்தின் சுருள்வில், பின் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி வளையல், ரேடியேட்டர் வலைக்கு டீ வடிகட்டி. தார்ப்பாய்க்கு ராஜபாளையத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியை டீத்தண்ணீரில் நனைத்து, மெழுகு தடவிக் காயவைப்பேன். அடியில் கவிழ்த்துப் பார்த்தால் பிரேக் குழாய்கூட இருக்கும்.

என் அத்தை அம்புஜவல்லி, நவராத்திரிக்கு அதைக் கொலுவில் வைக்கக் கேட்டாள். செட்டியார் பொம்மைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் இடம் இருக்கிறதாம். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு நான் போகவில்லை.

சங்கிலிப்பாண்டியின் லாரி எங்கள் ஆலைக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிவரும். அவனேதான் முதலாளி, அவனே டிரைவர். நல்லவன் என்றுதான் சொல்ல வேண்டும்; ஒன்றும் தெரியாதவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். அளவெடுக்கலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கோங்க சாமி, லாரி தேஞ்சா போகப்போகுது?" என்றான். கிளீனர் கண்ணுச்சாமி டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். அவனுக்கு நாற்பது வயது இருக்கும். ஆறு வருடமாக அந்த லாரியில் இருந்தான். பதினோரு மாதத்தில் செய்து முடித்தேன்.

லாரி ஷெட்டுக்குப் பின்னால்தான் சங்கிலிப்பாண்டியின் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன். சங்கிலிப்பாண்டி குனிந்து அடிப்பக்கம் வரை பார்த்தான். அவன் மனைவி வெள்ளத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், "ஏ அப்பா, மட்கார்டுல நசுங்குனது மொதக்கொண்டு இருக்கே" என்றாள். அந்த வாக்கியத்தோடு எல்லாரும் நிறுத்தியிருக்கலாம்.

கண்ணுச்சாமி சொன்னான்: "எல்லாம் சரிதான் சாமி. கட்டதான் பொய்."

கட்டை என்றால், லாரியை நிறுத்தியதும் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற தடைக்கட்டை. அந்த லாரியின் கைபிரேக் ஒரு வருடமாகப் பிடிப்பதில்லை. கியரில் போட்டு நிறுத்தும் பழக்கமும் சங்கிலிப்பாண்டிக்குக் கிடையாது. கண்ணுச்சாமி கீழே குதித்து, கட்டையை வைத்துவிட்டு "ரைட்" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பி இவன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். மற்ற நேரத்தில் கட்டை, பாடிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். என் லாரியிலும் முக்கால் அங்குலக் கட்டை ஒன்று தொங்கியது.

"என்ன பொய்?" என்று கேட்டேன்.

"சொல்லத் தெரியல சாமி. ஆனா இது எங்கட்ட இல்ல. ஆயிரம் கட்டையில கலந்து போட்டாலும் எங்கட்டய நான் எடுத்துருவேன்."

"ஆமா, கருத்தம்மா எதுக்க வந்தா யாரோ எவளோன்னு போவாரு, கட்டய மட்டும் கண்டுபிடிச்சிருவாரு" என்றாள் வெள்ளத்தாய். கருத்தம்மாள் அவனுடைய மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வெள்ளத்தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே கண்ணுச்சாமி, சும்மா இரு. சாமி மொகம் எம்புட்டுச் சின்னதாப் போச்சு பாரு. வெளையாட்டுச் சாமான்தான சாமி, விடுங்க" என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

மறுவாரம் கண்ணுச்சாமியிடம் கட்டையை ஒரு நாள் இரவல் கேட்டேன். திருத்தி அளவெடுக்க வேண்டும் என்றேன். சந்தோஷமாகக் கொடுத்தான். ஆலைத் தராசில் நிறுத்தேன், ஒன்பதே கால் கிலோ. கருவேலங்கட்டை. ஒரு முனை கருகியிருந்தது, எங்கோ அடுப்புக்கு முட்டாகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் கோடாலி வெட்டு ஒன்று, டயர்த் தடம் பதிந்த பள்ளம், சங்கிலி வளையம், அதைச் சுற்றிக் கிரீஸ். இருபத்தேழு இடங்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.

இருபதில் ஒன்றாகச் செய்து பழகியவன், முதல்முறையாக ஒன்றுக்கு ஒன்றாகச் செய்தேன். கருவேல மரத்திலேயே இன்னொன்று செய்வதில் ஒரு திறமையும் இல்லை, அதை விறகுவெட்டி செய்வான். நான் கல்யாண முருங்கை எடுத்தேன். நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற மரம். உள்ளே குடைந்து, ஈர மணலை இடித்து நிரப்பி, எடையை ஒன்பதே காலுக்குக் கொண்டுவந்தேன். வாயை அதே மரத்தால் மூடி, ரம்பத்தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசினேன். பிறகு இருபத்தேழு இடங்களையும் ஒவ்வொன்றாகச் செய்தேன். பஞ்சு ஏற்றிவந்த ஒரு மத்தியானம், கண்ணுச்சாமி பொதிகளின் மேல் நின்று கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாற்றிவைத்தேன். அசலைச் சாக்கில் சுற்றி என் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

ஆவணி கடைசி நாள் அது. அதிலிருந்து பத்தொன்பது நாள் என் கட்டை அந்த லாரியில் ஓடியது. ஓட்டமெல்லாம் சமதரையில்தான், பாரம் அதன்மேல் விழவே இல்லை. கண்ணுச்சாமி அதைத் தினமும் தூக்கினான், வைத்தான், தட்டி மண் உதிர்த்தான். ஒருநாள் எங்கள் ஆலை வாசலில் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தான். ஜன்னலில் நின்று பார்த்தேன். வேறு எவரும் எனக்குத் தராத நற்சான்றை அவன் உட்கார்ந்தபடியே தந்துகொண்டிருந்தான்.

அவனிடம் தனியாகச் சொல்வதில் பொருள் இல்லை. சிரித்தவர்கள் எல்லாரும் இருக்க வேண்டும். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை சங்கிலிப்பாண்டி தெருக்காரர்களை லாரியில் ஏற்றி, இங்கே ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குக் கூட்டிவருவது வழக்கம். "நீங்களும் வாங்க சாமி" என்று அவனே கூப்பிட்டான். சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும் கட்டையைக் கையில் எடுத்து, மூடியை நெம்பி, மணலைக் கொட்டிக் காட்டுவது என்று வைத்திருந்தேன்.

அன்று அடிவாரத்தில் கூட்டம். கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. மேட்டில் முன்பக்கம் ஏறி, பின்பக்கம் சரிவில் நின்றது. கண்ணுச்சாமி கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து "ரைட்" என்றான். பாதிப்பேர் மலை ஏறிப்போனார்கள். பாடியின் நிழல் பின்னால் விழுந்ததால் வெள்ளத்தாய் அங்கே ஜமுக்காளத்தை விரித்துப் புளிச்சோற்றுச் சட்டியை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் லாரி பின்னால் உருண்டது. வெள்ளத்தாய் அங்கேயே இறந்துபோனாள். கண்ணுச்சாமி கல்லை எடுத்துச் சக்கரத்தடியில் திணிக்கப் போய், வலதுகையில் மூன்று விரல்களை இழந்தான்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் வழக்குக் கட்டில் இருக்கிறது. நொறுங்கிய கட்டையை எடுத்துவைத்தார்கள். கண்ணுச்சாமியிடம் காட்டிக் கேட்டார்கள். "என் கட்டதான் அய்யா, ஆறு வருசமா நான் வச்ச கட்ட" என்றான். கவனிக்க வேண்டும், உடைந்த பிறகும் அவனுக்குத் தெரியவில்லை. கெட்டுப்போன கட்டையை அஜாக்கிரதையாக வைத்து மரணம் விளைவித்தான் என்று ஒன்றரை வருடம் தண்டனை ஆனது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவன் ஒருமுறை திரும்பி என்னைக் கும்பிட்டான்.

போன வாரம் கருத்தம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். மேல்கோர்ட்டுக்கு மனு எழுத வேண்டும், படித்தவர் நீங்கள் என்றாள். கையில் தீர்ப்பு நகல். நின்றுகொண்டே சொன்னாள்: "செல்லரிச்ச கட்டன்னு எழுதியிருக்காம் சாமி. அவிய அப்படிக் கட்டய வைப்பாகளா? தெனம் பிள்ளய தொடைக்கிற மாதிரி தொடைப்பாகளே. கட்ட மேல எண்ணெய் போட்டு வச்சிருந்த மனுசன் சாமி அவிய."

நகலை வாங்கிப் படித்தேன். உண்மைதான். சோதனை செய்தவர் எழுதியிருக்கிறார்: "உட்புறம் முழுவதும் செல்லரித்து, மண்ணடைந்து, பொத்தலான பழைய கட்டை." அவர் கண் முன்னால் குடைந்த உளியின் தடம் இருந்திருக்கிறது. மூடியின் பொருத்து இருந்திருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு, பூச்சி செய்த வேலை என்று முடிவு செய்திருக்கிறார்.

"செல்லரிக்கலை" என்று சொன்னேன்.

"அதத்தான் சாமி எழுதணும்" என்று கருத்தம்மாள் அழுதாள்.

அதனால்தான் வந்தேன். கொல்லும் நோக்கம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. வெள்ளத்தாய் மேல் எனக்கு என்ன விரோதம்? அந்த மரம் சரிவில் தாங்காது என்பது தெரியுமா என்கிறீர்கள். தெரியும், கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் சரிவில் நிறுத்தச் சொன்னது நான் இல்லை.

கட்டை உடைகிறது என்பது எப்போது தெரிந்தது என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க வரவில்லை. லாரி நின்று கொஞ்ச நேரத்தில் கட்டையின் மூடி விலகி, அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மணல் கொட்டியிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று நாற்பது. வெள்ளத்தாய் இலையைத் துடைத்துக்கொண்டே, "சாமி, வாங்க, உங்களுக்குத்தான் மொத எல. அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள். "செத்த நேரத்தில் வாரேன்" என்றேன். ஜமுக்காளத்தின் ஓரத்தில் என் பை இருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். லாரி நகர்ந்தபோது பதினொன்று நாற்பத்து நான்கு.

ஒரு சத்தம் போட்டிருந்தால் அவள் எழுந்திருப்பாள், அது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் ஓடிவந்து பார்த்திருப்பது பிளந்த கட்டையைத்தான். பத்தொன்பது நாள் தேறி நின்ற வேலையை, தோற்கிற நிமிடத்தில் யாராவது கூட்டம் கூட்டிக் காட்டுவார்களா? இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இந்தச் சாக்கில் இருப்பது அசல் கட்டை. அந்த உடைந்த துண்டுகளையும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுச்சாமி குற்றமற்றவன், அவன்மேல் கொண்ட இரக்கத்தால்தான் நானாக முன்வந்தேன் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் அய்யா. ஆனால் முதலில் அந்தச் 'செல்லரித்த' என்ற வார்த்தையை அடித்துவிட வேண்டும். அவனை விடுவிப்பதை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.