பன்னிரண்டு பேருக்கான காப்பிக் கோப்பைகள்

எந்தப் பொருளையும் காலை வெளிச்சத்தில்தான் படம் எடுக்க வேண்டும், பாஷா. விளக்கைப் போட்டு எடுத்தால் பீங்கான் மஞ்சளடித்துவிடும், வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் சமையலறை ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தலையணை உறையை விரித்து வேலையை முடித்துவிடுவேன். கீறல் இருந்தால் கீறலுக்கென்றே தனியாக ஒரு படம் போடுவேன். இந்த இரண்டு வருடத்தில் குறையை மறைத்து ஒரு பொருள் விற்றதில்லை. எங்கள் ஷுப்ராப் பேட்டையின் ஃபேஸ்புக் பழைய பொருள் குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், உஸ்தாத் ஷவ்கியிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள்.

உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் என் மனைவி ஸுஹைர் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் அண்ணன் ஹம்தி, மடியில் எங்கள் கல்யாணத்துச் சீர்ப் பட்டியல். இதில் உள்ளதெல்லாம் பெண்ணுடையது, கேட்கும்போது திருப்பித் தருவேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது. அதை வைத்து என்னை உள்ளே தள்ளலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் ஸுஹைர் புகாரைக் கிழித்துப் போட்டுவிடுவாள், மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருக்கலாம் என்றீர்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற ஏழு பெட்டிகளும் வைத்தது வைத்தபடி இருக்கின்றனவா என்பது கேள்வி. சொல்கிறேன். முதலில் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து வருகிறேனே. வெறும் பதிலை மட்டும் கேட்டால் ஆளைத் தப்பாக எடை போட்டுவிடுவீர்கள்.

நான் நீர்ப்பாசனத் துறையில் பழைய கோப்பறையைப் பார்த்துக்கொள்கிறவன். இரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒருநாள் தெருவில் பழைய சாமான் வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். அவன் வண்டியில் பித்தளையில் ஒரு காப்பி அரைக்கும் உருளை கிடந்தது. வாங்கி, எலுமிச்சை போட்டுத் தேய்த்து, படம் எடுத்துப் போட்டேன். மறுநாளே பணக்காரர்கள் இருக்கும் ஸமாலெக்கிலிருந்து ஒரு டாக்டர் அம்மாள் வந்து மூன்று மடங்கு கொடுத்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் போக ஆரம்பித்தேன். ஸுஹைர் ஒன்றும் தடுக்கவில்லை. "பேசாம அந்த வண்டிக்காரன் பொண்ணையே கட்டியிருக்கலாம் நீங்க," என்று மட்டும் சொன்னாள்.

இதெல்லாம் எதற்காக? எங்கள் மகள் நெர்மீனின் நீஷுக்காக. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீஷ் இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதும் செருப்பில்லாமல் அனுப்புவதும் ஒன்று. கண்ணாடி அலமாரி வேண்டும், அது நிறைய பீங்கானும் பளிங்குக் கண்ணாடிச் சாமானும் வேண்டும், அதைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஸுஹைரின் நீஷ் எங்கள் கூடத்தில் நிற்கிறது. மர வேலைக்குப் பேர்போன டமியெட்டாவில் செய்தது, உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த முதுகு, இரண்டு குட்டி விளக்கு. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். இருபத்து நான்கு வருடமாக அதற்கு எதிரே உட்கார்ந்துதான் நான் காப்பி குடிக்கிறேன், கிளாஸில். நல்ல விருந்தாளி வந்தால் திறக்கலாம் என்பது அவள் சட்டம். அவள் அண்ணன் குவைத்திலிருந்து வந்தான். "இவன் கை சும்மா இருக்காது, உடைச்சிருவான்," என்றாள். என் மேலதிகாரி வந்தார். "அவருக்கென்ன, சர்க்கரை வியாதிக்காரர், கிளாஸ்ல குடுங்க." அந்த நல்ல விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை என்று நான் முடிவுகட்டினேன்.

நியாயமான வழியைத்தான் முதலில் கேட்டேன், பாஷா. இதையே நெர்மீனுக்குக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"என் பழசைத் தூக்கி என் பொண்ணுக்குக் குடுக்கவா? நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்க?"

"பழசு எங்கே? ஒருத்தரும் தொடவே இல்லையே."

"இருபத்தி நாலு வருஷமா உள்ளதானே இருக்கு. அப்ப பழசுதான்."

ஆக, சொந்த மகளுக்கு ஆகாத பொருள். ஊரான் அதையே தேடி வந்து விலை கொடுத்து வாங்குகிறான். நம் எகிப்துப் பவுண்டின் மதிப்பு விழுந்த பிறகு வெளிநாட்டுப் பீங்கான் வருவதே குறைந்துபோனது. பழைய ஜெர்மன் சரக்கென்றால் நான் சரக்கைக் கைமாற்றும் மெட்ரோ வாசலில் ஆட்கள் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஸுஹைரின் பழசை விற்று நெர்மீனுக்குப் புதுசு வாங்குவது என்று முடிவு செய்தேன். இதில் களவு எங்கே வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நீஷின் பூட்டை நான் தொட்டதே இல்லை. பின்பக்கம் கண்ணாடி ஒட்டிய பலகை, எட்டு திருகாணி, அவ்வளவுதான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஸுஹைர் பன்ஹாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவாள். முதல் வெள்ளி, கடைசி வரிசையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்தேன். அவள் அம்மா போர்ட் ஸயீதுக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்த்த கிண்ணம். மற்றதையெல்லாம் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் பழத் தட்டுகள். அப்புறம் சூப்புக் கிண்ணங்கள்.

ஒவ்வொரு சாமானின் அடியிலும் அவள் அம்மா நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். துக்க வீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ இரவல் போனால் மாறிவிடக் கூடாது என்று. கடைசிவரை ஒன்றும் இரவல் போகவில்லை, அது வேறு விஷயம். இன்னொருவனாக இருந்தால் சுரண்டிவிட்டு விற்றிருப்பான். நான் விளம்பரத்திலேயே எழுதினேன்: அடியில் சிறு சிவப்புப் புள்ளி உண்டு.

முன்வரிசைக்கு வந்தபோதுதான் சிக்கல். அதை எடுத்தால் பல் விழுந்த மாதிரி தெரியும். நீஷை அப்படியே காலை வெளிச்சத்தில் அடுக்கு அடுக்காகப் படம் எடுத்தேன். அச்சடிக்கும் ஜிர்ஜிஸிடம் கொண்டுபோய், அசல் அளவில் கெட்டி அட்டையில் ஒட்டித் தரச் சொன்னேன். தேர்தலில் நிற்கிறவர்கள் முகத்தையும் செத்துப்போனவர்கள் முகத்தையும் அடித்து அடித்து அலுத்துப்போன மனிதன்.

"உஸ்தாத், இந்தச் சூப்பு ஜாடி எந்தத் தொகுதியில நிக்குது?" என்றான்.

"சுயேச்சை," என்றேன்.

"ஜெயிச்சிரும். இதுவரைக்கும் நான் அடிச்சதுல இதுக்குத்தான் முகம் சுத்தமா இருக்கு."

உண்மையிலேயே நல்ல வேலை. ஓரத்தை வெட்டி, அடுக்கு வாரியாக உள்ளே நிறுத்தி, குட்டி விளக்கைப் போட்டதும் எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஸுஹைர் வியாழக்கிழமைதோறும் வெளிக் கண்ணாடியைத் துடைப்பாள். "பாத்தீங்களா டமியெட்டா வேலைய? ஒரு துளி தூசி உள்ள போகல," என்பாள். அந்த நேரம் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருக்கும். நான் அவளிடமிருந்து எதையும் பறித்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் கடைசிவரை பார்த்தாள்.

வந்த பணத்தில் நெர்மீனுக்குச் சாப்பாட்டுத் தட்டு, தேநீர்க் கோப்பை, பளிங்கு என்று ஏழு பெட்டி வாங்கினேன். எல்லாம் புதுசு, கடை ஒட்டிய நாடாவோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. பெண் தன் வீட்டுக்குப் போய்ப் பிரிக்க வேண்டியதை முன்னாலேயே பிரித்தால் ஆகாது என்பாள் ஸுஹைர். ஆகையால் கத்தரி படவில்லை.

போன வாரம் நெர்மீனைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பாஸிம், அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எதிரே வங்கியில் இருக்கிறான். கதவைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மெட்ரோ வாசலில் நாங்கள் நாலு தடவை சந்தித்தவர்கள். என்னுடைய நல்ல வாடிக்கைகளில் ஒருவன், பேரம் பேசத் தெரியாதவன். "உங்கள இப்பதான் மொத தடவையா பாக்குறேன், மாமா," என்றான். அப்படி யாரும் அவனைக் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவன் அம்மா ஹாஜா இக்ராம் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து பன்னிரண்டு பேருக்கான காப்பிக் கோப்பைகளை மேஜையில் பரப்பினாள். தங்க விளிம்பு, நீலப் பூ. ஸுஹைர் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஹாஜா, இதே கோப்பை எங்கிட்ட இருக்கு. இதே பூ, இதே கரை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே ரசனை பாருங்க. இருங்க, அதையும் எடுத்துப் பக்கத்துல வைக்கிறேன். இன்னிக்கு அதுலதான் காப்பி."

அதுதான், பாஷா, அந்த நல்ல விருந்தாளி. இருபத்து நான்கு வருடம் கழித்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிளாஸில் குடித்தால் சூடு நிற்குமே என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. பூட்டு இறுகிப் போயிருந்தது, ஹம்தி எண்ணெய் விட்டுத் திருப்பினான். ஸுஹைர் கையை நீட்டினாள். நகம் அட்டையில் பட்டு டொக்கென்றது. அடுத்த கோப்பையை எடுக்கப் பார்த்தாள். பிறகு கோப்பையை விட்டுவிட்டு அடுக்கின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் மேல பிடிம்மா," என்றாள் ஹாஜா.

மேலே பிடித்தாள். மூன்றாம் அடுக்கு மொத்தமும் ஒரே அட்டையாகக் கையோடு வந்தது. பின்னால் கண்ணாடியில் நாங்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஸுஹைர் அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மேஜைக்கு வந்தாள். ஹாஜா கொண்டுவந்த கோப்பையில் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடியில் சிவப்புப் புள்ளி.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள், "அம்மாவோட சர்க்கரைக் கிண்ணமும் போச்சா?" அதுதான் முதலில் போனது என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஹாஜா விவரமானவள். "சரி விடும்மா. புருஷன் பொண்டாட்டி விஷயம், உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குவீங்க. பொண்ணோட பெட்டிங்க பத்திரமா இருக்கில்ல? இருக்குன்னா இப்பவே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிரலாம். பொண்ணு சாமான்லயே கை வச்ச வீடுன்னா எங்களுக்கு ஒத்து வராது," என்றாள். ஸுஹைர் கத்தரியை எடுத்துக்கொண்டு கட்டில்வரை போனாள். குனிந்து பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். நாடாவில் கத்தரி வைக்க அவளுக்குக் கை வரவில்லை. "அவரே சொல்லட்டும். எங்க வேணாலும் கூட்டிட்டுப் போய்க் கேப்பேன், அவர் வாயால சொல்லட்டும்," என்றாள். ஃபாத்திஹா ஓதப்படாமலே ஹாஜா எழுந்து போனாள். நெர்மீன் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. பாஸிம் மட்டும் படியிறங்கும்போது என் காதருகே வந்து, "மாமா, அந்தப் பழத் தட்டுக்கு ஜோடி கிடைக்குமா?" என்று கேட்டான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

பிரிக்காத பெட்டி என்றால் எங்கள் குழுவில் விலையே தனி, பாஷா. கடை நாடா தெரியும்படி படம் போட்டால் போதும், பத்து நிமிடத்தில் இருபது பேர் கேட்பார்கள். போன குளிர்காலத்தில் ஒரு பெட்டியை மட்டும் விற்று, அந்தப் பணத்தில் இரண்டு வாங்கி வைக்கலாம் என்று பார்த்தேன். விலை ஏறிவிட்டது, ஒன்றுகூட வாங்க முடியவில்லை. அதை ஈடுகட்ட இரண்டாவதை விற்றேன். பிறகு மூன்றாவது. ஏழு பெட்டியையும் விற்றாகிவிட்டது. பணம் எங்கும் போய்விடவில்லை, சரக்காக இருக்கிறது. பதினொரு தட்டச்சு இயந்திரங்கள், எதுவும் அடிக்காது, ஆனால் அழகு. கோப்பறையில் வைத்திருக்கிறேன். அங்கே இடம் இருக்கிறது. ஏனென்றால் எழுபத்து நான்காம் வருடத்துக் கால்வாய் அளவுக் கோப்புகள் இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியில், ஏழு பெட்டிகளில் இருக்கின்றன. சமையலறைத் தராசில் நிறுத்து, பீங்கான் என்ன எடையோ அதே எடைக்கு வைத்தேன். அதே நாடாவைத் தேடிப் பிடித்து ஒட்டினேன். ஸுஹைர் பெருக்கும்போது பெட்டியை நகர்த்திப் பார்த்து, "என்ன கனம், எம்பொண்ணு குடுத்து வச்சவ," என்பாள்.

இல்லை, வைத்தது வைத்தபடி இல்லை. இதுதான் பதில். இரண்டு பெட்டியை பாஸிம்தான் வாங்கினான். ஆகையால் கல்யாணம் நடந்தால் அந்த இரண்டும் நெர்மீன் வீட்டிலேயே இருக்கும். இதை ஸுஹைரிடம் சொல்லும்போது கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

பெட்டிகள் பத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். குறையை மறைத்து விற்றதில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

பேனாவைக் கொடுங்கள், எங்கே கையெழுத்து? ஒரு சின்னத் திருத்தம். தொழில் என்ற இடத்தில் வியாபாரி என்று போட்டிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். வியாபாரம் எனக்குப் பகுதி நேரம்தான், பாஷா. முழு நேரமும் நான் நெர்மீனின் தகப்பன்.